மார்வெல் தேவதைக் கதைகள்: நாட்டார் கதைக்குள் நுழைந்த சூப்பர் ஹீரோக்கள்

அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 2006 முதல் 2008 வரை மூன்று குறுந்தொடர்களை வெளியிட்டது. அவை ‘எக்ஸ்-மென் ஃபேரி டேல்ஸ்’ (2006), ‘ஸ்பைடர்-மேன் ஃபேரி டேல்ஸ்’ (2007), ‘அவெஞ்சர்ஸ் ஃபேரி டேல்ஸ்’ (2008) ஆகியவை. ஒவ்வொன்றும் நான்கு இதழ்கள் கொண்டது. பன்னிரண்டு இதழ்களையும் எழுதியவர் சி. பி. செபுல்ஸ்கி. ஓவியர்கள் இதழுக்கு இதழ் மாறினர். பழைய கதை ஒன்றை எடுத்து, அதன் பாத்திரங்களின் இடத்தில் மார்வெலின் சூப்பர் ஹீரோக்களை நிறுத்துவது இத்தொடர்களின் பொது உத்தி.

நாட்டார் கதையைச் சூப்பர் ஹீரோவைக் கொண்டு மறுபடி சொல்வது இன்று சிறுவர் பதிப்பகங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் பரவலாகிவிட்டது. பழைய கதையைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்க்கும் எளிய வழி என்று இது பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதித்துப் பார்க்க மார்வெலின் இம்மூன்று தொடர்களும் நல்ல களம். இவற்றில் நாட்டார் கதையும் சூப்பர் ஹீரோ கதையும் எங்கே பொருந்துகின்றன, எங்கே மோதுகின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது. நாட்டார் கதை பெரும்பாலும் வலிமை இல்லாதவரின் கதை. சூப்பர் ஹீரோ கதை வலிமை உள்ளவரின் கதை. முன்னதற்குள் பின்னதைக் கொண்டுவரும்போது எதை இழக்கிறோம் என்பதே இத்தொடர்களை மதிப்பிடுவதற்கான முதன்மைக் கேள்வி.

தொடர்களின் அமைப்பு

எக்ஸ்-மென் தொடரின் முதல் இதழ் ஜப்பானின் மொமோதாரோ கதையை அடிப்படையாகக் கொண்டது. பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவனின் இடத்தில் சைக்ளோப்ஸ் வருகிறார். ஓவியம் சனா தகேதா. இரண்டாம் இதழ் ஆமையும் கழுகும் நட்பாக இருந்த ஆப்பிரிக்கக் கதை. இதில் ஆமை பேராசிரியர் சேவியர், கழுகு மேக்னீட்டோ. ஓவியம் கைல் பேக்கர். அடுத்த இதழ்களில் ஜீன் கிரே போன்ற பிற பாத்திரங்கள் முதன்மை பெறுகின்றன.

ஸ்பைடர்-மேன் தொடர் லிட்டில் ரெட் ரைடிங் ஹூட் எனப்படும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் தொடங்குகிறது. சிறுமியின் இடத்தில் மேரி ஜேனும் மரவெட்டியாகப் பீட்டர் பார்க்கரும் வருகிறார்கள். இரண்டாம் இதழ் மேற்கு ஆப்பிரிக்காவின் சிலந்தி நாயகன் அனன்சியைப் பற்றியது. மூன்றாவது இதழ் ஜப்பானியப் பின்னணி கொண்டது. நான்காவது சிண்ட்ரெல்லா கதை.

அவெஞ்சர்ஸ் தொடரில் கேப்டன் அமெரிக்கா பீட்டர் பானாகவும், விஷன் பினோக்கியோவாகவும், கேசி லாங் அற்புத உலகத்து ஆலிஸாகவும், ஷீ-ஹல்க் ஆஸ் நாட்டு டோரத்தியாகவும் மாறுகிறார்கள்.

மூன்று தொடர்களுக்கும் ‘ஃபேரி டேல்ஸ்’ என்ற ஒரே பெயர் இருந்தாலும் அவற்றின் மூலங்கள் ஒரே வகையானவை அல்ல. முதல் இரண்டு தொடர்கள் பெரிதும் வாய்மொழி மரபில் வேர்கொண்டவை. மூன்றாவது தொடரின் நான்கு மூலங்களும் பெயர் தெரிந்த எழுத்தாளர்களின் நூல்கள். ஆலிஸ் 1865இல் லூயிஸ் கரோல் எழுதியது. பினோக்கியோ 1881 முதல் 1883 வரை கார்லோ கொலோடி இதழொன்றில் எழுதிய தொடர்கதை. டோரத்தியின் கதை 1900இல் எல். ஃபிராங்க் பாம் எழுதியது. பீட்டர் பான் 1904இல் ஜே. எம். பேரியின் நாடகமாக மேடையேறியது. ஊரார் வாயில் பல வடிவங்களில் வாழ்ந்த கதைக்கும், ஒருவர் உட்கார்ந்து எழுதி முடித்த நூலுக்கும் இடையிலான வேறுபாட்டை இத்தொடர்கள் பொருட்படுத்தவில்லை. எல்லாமே ‘எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை’ என்ற ஒரே பெட்டியில் போடப்படுகின்றன.

நாட்டார் கதை நாயகனும் சூப்பர் ஹீரோவும்

ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில், ரஷ்ய மாயக் கதைகளை 31 செயற்கூறுகளாகவும் ஏழு வகைப் பாத்திரங்களாகவும் பிரித்துக் காட்டினார். அவற்றுள் மிக முக்கியமான ஒரு பாத்திரம் கொடையாளர். வழியில் எதிர்ப்படும் கிழவியாகவோ, விலங்காகவோ, பிச்சைக்காரராகவோ அவர் இருக்கலாம். நாயகனை அவர் சோதிக்கிறார். அதில் அவன் தேறினால் மாயப்பொருளோ உதவியோ கிடைக்கிறது. அதாவது, நாட்டார் கதை நாயகனின் ஆற்றல் அவனுடன் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. பணிவு, பகிர்வு, சமயோசிதம் ஆகியவற்றால் அவன் அதை வழியில் பெறுகிறான்.

சுவிஸ் அறிஞர் மாக்ஸ் லூத்தி ஐரோப்பிய நாட்டார் கதைகளின் பாத்திரங்களுக்கு ஆழம் கிடையாது என்றார். இது குறையாகச் சொல்லப்பட்டதல்ல. அவர்களுக்கு நினைவுச் சுமை இல்லை, மனப்போராட்டம் இல்லை. பெரும்பாலும் தனிப்பெயர்கூட இல்லை. கடைசி மகன், மாற்றாந்தாயின் மகள், ஏழை விறகுவெட்டி என்றே அவர்கள் அறியப்படுகிறார்கள். பெயர் இல்லாததால் கேட்பவர் எவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது.

சூப்பர் ஹீரோ இதற்கு நேர் எதிரானவர். அவருக்குப் பெயர், உடை, சின்னம், தனி ஆற்றல், பல ஆண்டு வரலாறு எல்லாம் உண்டு. ஸ்பைடர்-மேன் 1962இலும் எக்ஸ்-மென் 1963இலும் அறிமுகமானவர்கள். 2006இல் இத்தொடர்கள் வந்தபோது அவர்களுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக் கதை இருந்தது. சைக்ளோப்ஸ் பீச் பழத்திலிருந்து வெளிவரும்போது வாசகர் ஏழைத் தம்பதிக்குக் கிடைத்த ஒரு பிள்ளையைப் பார்ப்பதில்லை, சைக்ளோப்ஸைத்தான் பார்க்கிறார். யாராகவும் இருக்கக்கூடிய நாயகன் இங்கே குறிப்பிட்ட ஒருவராகிவிடுகிறார்.

இன்னொரு முரண் கதைமுடிவில் உள்ளது. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1962இல் சூப்பர்மேன் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை விளக்கினார். சூப்பர் ஹீரோ ஒவ்வொரு வாரமும் ஒரு செயலை முடித்தாக வேண்டும். ஆனால் அந்தச் செயலால் அவர் வயதில் முதிர்ந்துவிடக் கூடாது, மாறிவிடவும் கூடாது. மாறினால் அடுத்த இதழ் இல்லை. நாட்டார் கதையோ முடிவதற்காகவே சொல்லப்படுவது. திருமணம், அரியணை, வீடு திரும்புதல், சில வேளை மரணம் என்று அது தெளிவாக முடிகிறது. மார்வெலின் தேவதைக் கதைகள் வழக்கமான தொடர்ச்சிக்கு வெளியே நிற்பதால் இந்த ஒரு விஷயத்தில் விடுதலை பெறுகின்றன. ஒவ்வொரு இதழும் தனிக் கதை. அதனால் இங்கே பாத்திரங்கள் மாறலாம், தோற்கலாம். இத்தொடர்களின் உண்மையான வாய்ப்பு இதில்தான் இருக்கிறது.

மொமோதாரோ: உருண்டையும் கண்ணொளியும்

மொமோதாரோ கதையின் மையம் தினையுருண்டை. பேயரக்கர்களின் தீவுக்குப் புறப்படும் சிறுவனுக்கு வளர்ப்புத் தாய் அதைக் கட்டிக் கொடுக்கிறாள். வழியில் நாய், குரங்கு, காட்டுக்கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் ஆகியவற்றைச் சந்திக்கிறான். தன்னிடம் இருக்கும் உருண்டையைப் பகிர்ந்து அவற்றைத் துணையாக்கிக் கொள்கிறான். அவனுடைய படை உணவைப் பகிர்ந்ததால் உருவான படை.

எக்ஸ்-மென் குழுவின் அடிப்படை வேறு. அவர்கள் பிறப்பிலேயே வேறுபட்டவர்கள், உலகம் அஞ்சி ஒதுக்கியவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்கிறார்கள். பழத்தில் கிடைத்த பிள்ளையும் ஊருக்கு அந்நியன் என்பதால் இங்கே ஒரு நல்ல பொருத்தம் உண்டு. சைக்ளோப்ஸின் கண்ணொளி அவரால் அடக்க முடியாத ஆற்றல் என்பதும் இப்பொருத்தத்துக்கு வலுச் சேர்க்கிறது. அவருக்கு ஆற்றல் வரமும் சாபமும் கலந்தது. ஆயினும் துணைவர்கள் சேரும் காரணம் மாறும்போது கதையின் பொருளும் மாறுகிறது. ‘பகிர்ந்தவனுக்குத் துணை கிடைக்கும்’ என்ற கதை, ‘நம் இனத்தார் நம்மோடு சேர்வர்’ என்ற கதையாகிறது. நாயும் குரங்கும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்பது ஜப்பானிய வழக்கு. ஆகாதவை ஒரே உருண்டையைத் தின்று ஒன்றாக நடப்பதில்தான் பழைய கதையின் வியப்பு இருந்தது.

மொமோதாரோவை வலிமையின் சின்னமாக மாற்றியது மார்வெல் மட்டும் அல்ல. எடோ காலத்துப் பழைய வடிவங்களில் கிழத் தம்பதி மாயப் பழத்தைத் தின்று இளமை திரும்பிப் பிள்ளை பெறுகிறார்கள். மெய்ஜி காலப் பள்ளிப் பாடநூல்கள் பழத்திலிருந்தே பிள்ளை பிறக்கும் வடிவத்தைப் பரப்பின. இரண்டாம் உலகப் போரின்போது மொமோதாரோ படைத்தலைவன் ஆனான். 1943இல் வந்த ‘மொமோதாரோவின் கடற்கழுகுகள்’, 1945இல் வந்த ‘மொமோதாரோ: புனிதக் கடற்படையினர்’ ஆகிய இயங்குபடங்கள் ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் மித்சுயோ செயோ இயக்கியவை. அவற்றில் பேயரக்கர்கள் எதிரி நாட்டவர்களாகக் காட்டப்பட்டனர். உருண்டையைப் பகிர்ந்த சிறுவன் குண்டு வீசும் விமானங்களுக்கு ஆணையிட்டான்.

இதற்கு எதிரான மறுகூறலும் ஜப்பானிலேயே உண்டு. ‘ராஷோமான்’ வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த ரியூனொசுகே அகுதகவா 1924இல் ‘மொமோதாரோ’ என்ற அங்கதக் கதையை எழுதினார். அதில் தீவிலுள்ள பேயரக்கர்கள் அமைதியாக வாழ்பவர்கள். காரணமின்றிப் படையெடுத்துக் கொள்ளையடிப்பவன் மொமோதாரோ. பேயரக்கர்கள் செய்த குற்றம் என்ன என்று பழைய கதை கேட்காமல் விட்ட கேள்வியை அகுதகவா கேட்டார். நல்ல மறுகூறலின் இலக்கணம் இது. மூலக் கதைக்குள் மறைந்திருந்த ஒன்றை அது வெளியே கொண்டுவருகிறது. எக்ஸ்-மென் இதழ் அழகான ஓவியங்கள் கொண்டது. ஆனால் மூலக் கதையிடம் அது இப்படியொரு கேள்வி கேட்கவில்லை. ‘அசுரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பதே எக்ஸ்-மென் கதைகளின் அடிப்படை என்னும்போது, அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. கைக்கு எட்டிய வாய்ப்பு நழுவிவிட்டது.

ஆமையும் கழுகும்: பொருந்திய இடம்

மூன்று தொடர்களிலும் மிகச் சிறந்த பாத்திரத் தேர்வு ஆமை-கழுகு இதழில் இருக்கிறது. மூலக் கதை இது. கழுகு ஆமையின் வீட்டுக்கு வந்து விருந்துண்டு போகிறது. தன் கூடு மரத்தின் உச்சியில் இருப்பதால் ஆமையால் ஒருபோதும் பதில் விருந்துக்கு வர முடியாது என்று அது எள்ளி நகைக்கிறது. தவளை வழியாக இதை அறிந்த ஆமை, கழுகு எடுத்துச் செல்லும் சுரைக்குடுக்கைக்குள் ஒளிந்துகொண்டு கூட்டை அடைகிறது. சினந்த கழுகு கொல்லப் பார்க்கும்போது ஆமை அதன் காலை இறுகக் கவ்விக்கொள்ள, கழுகே அதைச் சுமந்து வந்து தரையில் சேர்க்க வேண்டியதாகிறது.

இக்கதையில் ஆமையாக யாரைப் போடுவது என்ற முடிவிலேயே ஒரு விமர்சனம் இருக்கிறது. சேவியர் சக்கர நாற்காலியில் வாழ்பவர். மேக்னீட்டோ வானில் பறப்பவர். ஒருவரை ஒருவர் மதித்தபடியே எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் இருவரின் நட்பு எக்ஸ்-மென் கதைகளின் முதுகெலும்பு. நடக்க முடியாதவரும் பறப்பவரும் சமமாக உட்கார்ந்து உண்ண முடியுமா என்று நாட்டார் கதை கேட்கிறது. அந்தக் கேள்வி இந்த இருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. பாத்திரங்கள் விலங்குகளாக இருப்பதால் உடை, முகமூடி, சின்னம் ஆகியவை உதிர்ந்துவிடுகின்றன. ஆற்றல் பின்னுக்குப் போய் உறவு முன்னுக்கு வருகிறது. சூப்பர் ஹீரோவை மறக்கவைக்கும் இடத்தில் இந்த உத்தி வெற்றி பெறுகிறது.

சிண்ட்ரெல்லாவுக்கும் இதே தன்மை ஓரளவு உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளை, வறுமை, யாரும் அறியாத இன்னொரு தோற்றம், அடையாளம் வெளிப்படும் அச்சம் ஆகிய நான்கும் பீட்டர் பார்க்கரின் வாழ்க்கையிலேயே உள்ளவை. பினோக்கியோவாக விஷன் வருவதும் அப்படியே. மனிதரால் செய்யப்பட்ட உடலுக்கு மனிதனாகும் ஏக்கம் உண்டா என்பது 1968இல் விஷன் அறிமுகமான காலம் முதல் அப்பாத்திரத்தின் கேள்வி. பழைய கதையின் கேள்வியும் சூப்பர் ஹீரோவின் கேள்வியும் ஒன்றாக இருக்கும்போது மறுகூறல் உயிர்பெறுகிறது. உடையும் தோற்றமும் மட்டும் ஒத்துப்போனால் அது மாறுவேடப் போட்டியாக நின்றுவிடுகிறது.

சிவப்புத் தொப்பிச் சிறுமி: மீட்பவர் வந்த வரலாறு

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை மீட்பவர் என்ற பாத்திரத்தின் வரலாற்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரான்சில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்யப்பட்ட ‘பாட்டியின் கதை’ என்ற வாய்மொழி வடிவத்தில் மீட்பவர் எவரும் இல்லை. ஓநாயின் படுக்கையில் அகப்பட்ட சிறுமி, வெளியே ஒதுங்க வேண்டும் என்கிறாள். ஓநாய் அவள் காலில் நூலைக் கட்டி அனுப்புகிறது. அவள் நூலை முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடித் தப்புகிறாள். நாட்டார் வழக்காற்று அறிஞர் பால் தெலாரூ இவ்வடிவத்தின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார்.

1697இல் சார்லஸ் பெரோ அரண்மனைச் சூழலுக்கு ஏற்ப இக்கதையை எழுதியபோது சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது. பிறகு இளம்பெண்களுக்கான எச்சரிக்கை வருகிறது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்தில் வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் காப்பாற்றுகிறான். தானே தப்பித்த பெண் முதலில் இரையாகிறாள், பிறகு மீட்கப்படுகிறாள்.

ஸ்பைடர்-மேன் இதழ் இந்த வரிசையின் அடுத்த படி. பீட்டர் பார்க்கர் மரவெட்டியாக நுழைந்ததும் மீட்பவரின் இடம் இன்னும் பெரிதாகிறது. ஏனெனில் தொடரின் அட்டையில் இருப்பது அவர் பெயர். மேரி ஜேனின் காதலும் அச்சமும் இதழில் அழகாக வரையப்பட்டிருக்கலாம். ஆனால் நூலை மரத்தில் கட்டும் சிறுமிக்கு இங்கே இடமில்லை. இக்கதையைப் படித்து வளரும் ஒரு மாணவிக்குக் கிடைக்கும் செய்தி, ஆபத்தில் அறிவைப் பயன்படுத்து என்பது அல்ல, காப்பாற்ற ஒருவர் வருவார் என்பதுதான். வகுப்பறையில் சூப்பர் ஹீரோவைக் கொண்டு நாட்டார் கதையைச் சொல்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இழப்பு இது.

அனன்சி: எத்தனும் கடமை வீரனும்

சிலந்தியின் பெயர் கொண்ட நாயகனை ஆப்பிரிக்கச் சிலந்தியோடு இணைப்பது எளிதில் தோன்றும் எண்ணம். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 2001 முதல் எழுதிய ஸ்பைடர்-மேன் கதைகளிலேயே இந்த இணைப்பு தொடங்கிவிட்டது. ஸ்பைடர்-மேனின் ஆற்றலுக்குத் தொன்மையான சிலந்தி மரபு ஒன்று இருப்பதாகவும் அனன்சி அதன் தொடக்கம் என்றும் அவர் அமைத்தார். 2007ஆம் ஆண்டின் தேவதைக் கதை இதழ் அந்த வழியில் ஸ்பைடர்-மேனையே அனன்சி ஆக்குகிறது.

இன்றைய கானாவில் வாழும் அகான் மக்களின் அனன்சி வீரன் அல்லன். அவன் எத்தன். பேராசை, சோம்பல், பொய், ஏமாற்று எல்லாம் உண்டு. பல கதைகளில் அவமானப்பட்டு மூலையில் ஒளிகிறான். ஆர். எஸ். ராட்ரே 1930இல் வெளியிட்ட அசாந்தி மக்கள் கதைத் தொகுப்பில் அனன்சியின் புகழ்பெற்ற கதை உள்ளது. உலகின் கதைகள் எல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அனன்சி அவற்றை விலைக்குக் கேட்டான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், காட்டு மாயக் குள்ளர் ஆகியவற்றைப் பிடித்துத் தர வேண்டும் என்பது விலை. பெரிய நகரங்களாலேயே முடியாததை இந்தச் சிறு பூச்சி எப்படிச் செய்யும் என்று நியாமே வியக்கிறார்.

அனன்சி மனைவி அசோவிடம் யோசனை கேட்கிறான். மலைப்பாம்பைக் கிளையோடு சேர்த்து நீளம் அளப்பதாகச் சொல்லிக் கட்டிவிடுகிறான். குளவிகள் மேல் தண்ணீரைத் தெளித்து, மழை வருகிறது, சுரைக்குடுக்கைக்குள் ஒதுங்குங்கள் என்கிறான். சிறுத்தை குழியில் விழுகிறது. மாயக் குள்ளர் பிசின் பூசிய பொம்மையை அறைந்து ஒட்டிக்கொள்கிறார். அன்று முதல் கதைகள் எல்லாம் ‘சிலந்திக் கதைகள்’ என்று பெயர் பெற்றன.

பிசின் பொம்மை என்ற கூறு இந்தியாவிலும் உண்டு. பௌத்த ஜாதகக் கதைகளில் வரும் பஞ்சாவுத இளவரசன் ஐந்து ஆயுதங்களுடன் பிசின்மயிர் கொண்ட யட்சனோடு மோதுகிறான். அம்பு, வாள், ஈட்டி எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு கைகளும் கால்களும் தலையும் ஒட்டிக்கொள்கின்றன. எல்லா ஆயுதங்களும் தோற்ற பிறகு அவனுடைய அஞ்சாத பேச்சே அவனை விடுவிக்கிறது. வலிமை தோற்கும் இடத்தில் சொல்லும் அறிவும் வெல்லும் என்பது கண்டங்களைக் கடந்து நிற்கும் நாட்டார் கதை நியாயம்.

ஸ்பைடர்-மேனின் நியாயம் இதற்கு மாறானது. ஆற்றல் உள்ளவனுக்குக் கடமையும் உண்டு என்பதே அவர் கதையின் அடித்தளம். மாமா பென்னின் மரணத்தால் வந்த குற்ற உணர்வு அவரை இயக்குகிறது. அனன்சிக்கு ஆற்றலும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருப்பது எட்டுக்கால் மட்டுமே. கடமை வீரனை எத்தனின் இடத்தில் நிறுத்தினால் கதை ஒழுக்கப் பாடமாகச் சாய்வதைத் தவிர்க்க முடியாது.

இந்த இழப்பு சிறியதல்ல. அடிமை வணிகத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அனன்சியையும் உடன் கொண்டுசென்றனர். சாட்டை ஏந்திய முதலாளியை எதிர்க்கும் உடல் வலிமை இல்லாதவர்களுக்கு, சிறுத்தையைக் குழியில் தள்ளும் சிலந்தி வேறு வகை நம்பிக்கையைத் தந்தது. எத்தனின் குறைகளைக் கழுவித் துடைத்து அவனை நல்லவனாக்குவது அந்த வரலாற்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

கதை யாருக்குச் சொந்தம்

கதைகளைக் கடவுளின் பெட்டியிலிருந்து விடுவித்து ஊருக்குக் கொண்டுவந்தவன் அனன்சி. அவனையே ஒரு நிறுவனத்தின் பதிவு பெற்ற சின்னத்தோடு இணைப்பதில் ஒரு முரண் உள்ளது. மார்வெல் நிறுவனத்தை 2009இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. வாங்கப்பட்ட சொத்தின் பெரும்பகுதி பாத்திரங்கள்தான். மொமோதாரோவையும் அனன்சியையும் எவரும் எடுத்துச் சொல்லலாம். அவர்களைச் சைக்ளோப்ஸாகவும் ஸ்பைடர்-மேனாகவும் சொல்லும் உரிமை ஒரே நிறுவனத்துக்கு உரியது. பொதுக்கிணற்றிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது, ஆனால் திரும்ப ஊற்றப்படுவதில்லை.

பில் வில்லிங்ஹாம் எழுதிய ‘ஃபேபிள்ஸ்’ தொடர் இதே சிக்கலை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. டிசி நிறுவனத்தின் வெர்டிகோ பிரிவு 2002 முதல் 2015 வரை 150 இதழ்களாக இதை வெளியிட்டது. ஸ்னோ ஒயிட், கெட்ட ஓநாய் முதலியோர் நாட்டை இழந்து நியூயார்க்கில் அகதிகளாக வாழ்கிறார்கள். சூப்பர் ஹீரோ எவரும் இல்லாமலேயே நாட்டார் பாத்திரங்கள் நீண்ட காமிக்ஸ் தொடரைத் தாங்க முடியும் என்பதற்கு இது சான்று. 2023 செப்டம்பரில் வில்லிங்ஹாம் இத்தொடரைப் பொதுவுடைமையாக்குவதாக அறிவித்தார். உரிமை தன்னுடையது என்று டிசி மறுத்தது. பொதுவில் பிறந்த பாத்திரங்கள்கூட ஒருமுறை வேலிக்குள் போனால் திரும்புவது எளிதல்ல.

சொல்பவர் யார் என்ற கேள்வியும் உண்டு. செபுல்ஸ்கி ஜப்பானில் வாழ்ந்தவர், அந்நாட்டின் காமிக்ஸ் மரபை அறிந்தவர். 2017 நவம்பரில் மார்வெலின் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்கும் வேளையில், முன்பு அகிரா யோஷிதா என்ற ஜப்பானியப் புனைபெயரில் தாம் எழுதியதை ஒப்புக்கொண்டார். இது பரவலாக விமர்சிக்கப்பட்டது. தேவதைக் கதைத் தொடர்கள் அவருடைய சொந்தப் பெயரிலேயே வந்தவை. ஆயினும் ஜப்பான், ஆப்பிரிக்கா, ஐரோப்பா எனப் பல மரபுகளின் கதைகளை ஒரே எழுத்தாளர் சொல்வதன் எல்லையை இது நினைவூட்டுகிறது. பிற மரபின் கதையை எவரும் சொல்லலாம். நாட்டார் கதைகள் அப்படித்தான் நாடு கடந்தன. ஆனால் அவை கடந்து சென்ற இடத்து மக்களின் தேவைக்கு ஏற்ப உருமாறின. இங்கே உருமாற்றத்தை முடிவு செய்வது நிறுவனத்திடம் கைவசமுள்ள பாத்திரங்களின் பட்டியல்.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி

சூப்பர் ஹீரோவை நாட்டார் கதைக்குள் கொண்டுபோகாமல், தொன்மத்தைச் சூப்பர் ஹீரோ கதைக்குள் கொண்டுவந்த முயற்சி இந்தியாவில் நடந்தது. 2004இல் வெளிவந்த ‘ஸ்பைடர்-மேன்: இந்தியா’ தொடரை சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகியோர் உருவாக்கினர். பீட்டர் பார்க்கர் இங்கே மும்பைக்கு வந்த பவித்ர பிரபாகர். அவனுக்கு ஆற்றல் வருவது கதிர்வீச்சுச் சிலந்தியால் அல்ல, ஒரு யோகியால். நாட்டார் கதையின் கொடையாளர் இப்படித் திரும்பி வருகிறார். எனினும் அதன் பிறகு கதை பெரிதும் மூலத் தொடரின் பாதையிலேயே செல்கிறது. பெயர்களும் உடைகளும் மாறின, கதைச் சட்டகம் மாறவில்லை. தேவதைக் கதைத் தொடர்களின் குறையே இங்கு மறுபக்கமாகத் தெரிகிறது.

மதிப்பீடு

மார்வெலின் மூன்று தொடர்களும் ஒரே தரத்தில் இல்லை. ஆமை-கழுகு இதழும், பினோக்கியோ, சிண்ட்ரெல்லா ஆகிய தேர்வுகளும் இரண்டு மரபுகளுக்கும் பொதுவான கேள்வியைக் கண்டுகொண்டவை. மொமோதாரோ இதழ் பாதிவழியில் நின்றது. சிவப்புத் தொப்பிச் சிறுமி, அனன்சி ஆகிய இரண்டிலும் மூலக் கதையின் உயிர்ப்பகுதி வெளியே விடப்பட்டது. சிறுமியின் சமயோசிதமும் சிலந்தியின் சூழ்ச்சியும் வலிமையற்றவர்களின் கருவிகள். வலிமை உள்ள நாயகன் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஓவியத் தளத்தில் இத்தொடர்கள் பாராட்டுக்குரியவை. ஒவ்வொரு இதழுக்கும் வேறு ஓவியர் என்ற ஏற்பாடு, ஒரே கதையை ஒவ்வொரு கதைசொல்லியும் தன் குரலில் சொல்லும் வாய்மொழி மரபுக்கு நெருக்கமானது. எழுத்தும் அதே அளவுக்குப் பலகுரல் கொண்டிருந்தால் தொடர்களின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

இவ்வகை மறுகூறல்களைப் படிக்கும் மாணவர்களும் பயன்படுத்தும் ஆசிரியர்களும் ஒவ்வொரு கதையிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மூலக் கதையில் சிக்கலைத் தீர்த்தது எது, மறுகூறலில் தீர்ப்பது எது? மூலத்தில் உதவி எப்படிக் கிடைத்தது, இங்கே அது தேவைப்படுகிறதா? பழைய கதை கேட்காமல் விட்ட எதையாவது புதிய கதை கேட்கிறதா? இந்தக் கேள்விகளோடு படித்தால் தோல்வியுற்ற இதழ்கள்கூடப் பயன் தரும். ஸ்பைடர்-மேன் என்ற பெயரைப் பார்த்து அனன்சி இதழைக் கையில் எடுக்கும் ஒரு வாசகர், அதை முடித்த பிறகு குளவிகளைச் சுரைக்குடுக்கைக்குள் அழைத்த மூலச் சிலந்தியைத் தேடிப் போனால், இத்தொடர்கள் செய்யக்கூடிய மிக நல்ல பணி அதுவாகவே இருக்கும்.